சிரிச்சிட்டாராம்

என் அப்பா பெரியகருப்பனைச் சினிமாவில் பார்த்தவர்கள் நிறையப் பேர். பெயர் தெரிந்தவர்கள் குறைவு. கதாநாயகனிடம் அடி வாங்கி, மாடியிலிருந்தோ பாறையிலிருந்தோ விழுந்து சாகிற நாலைந்து பேரில் உயரமானவர் அவர். மூக்கு இடப்பக்கம் சற்று வளைந்திருக்கும். வசனம் இருக்காது. பிற்பாடு டிவி நாடகத்தில் மளிகைக் கடைக்காரராக வந்தபோதுதான் அவருக்கு ஒரு குரல் உண்டு என்பதே வெளியூர்க்காரர்களுக்குத் தெரிந்தது.

அதற்கெல்லாம் முன்னால் அவர் கபடி ஆடிச் சம்பளம் வாங்கினவர்.

எங்கள் ஊர் சிலமலை. போடிமெட்டுக்கு அந்தப்பக்கம் ஏலத்தோட்டம் வைத்திருந்த ஒரு முதலாளிக்குக் கபடி என்றால் பித்து. சொந்தமாக ஓர் அணி வைத்திருந்தார். ஆட்டக்காரர்களுக்குத் தோட்டத்தில் காவல்காரர் வேலை என்று பெயர். அவர்கள் எதையும் காவல் காத்து யாரும் பார்த்ததில்லை. காலையில் கொண்டை ஊசி வளைவுகளில் மேல்நோக்கி ஓட்டம். மாலையில் காய் உலர்த்தும் கொட்டகைக்குப் பின்னால், சமன் செய்த மண்ணில் ஆட்டம். கம்பம், தேனி, மதுரை, அந்தப்பக்கம் மூணாறு என்று எங்கே பரிசுப் போட்டி நடந்தாலும் முதலாளியின் ஜீப்பு போகும்.

அப்பா பாடிப் போகிறவர். எதிரணிக் களத்துக்குள் ‘கபடி கபடி’ என்று மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டே போய், ஆளைத் தொட்டுவிட்டு நடுக்கோட்டுக்குத் திரும்ப வேண்டும். பாட்டு அறுந்தால் ஆள் அவுட்டு. அப்பாவின் பாட்டு அறுந்து தான் கேட்டதேயில்லை என்பார் கன்னையன் மாமா. மாமா அதே அணியில் மூலையில் நின்று கால் பிடித்தவர். பின்னால் போடிக்கும் மெட்டுக்கும் ஜீப்பு ஓட்டினார். மலையேறி ஓடிப் பழகிய நுரையீரல் கீழே இறங்கினால் இரண்டு ஆள் மூச்சைப் பிடிக்கும் என்பது அவருடைய விஞ்ஞானம்.

அப்பாவுக்கு இன்னொரு குணம் இருந்தது. ஆறு பேர் மேலே விழுந்து அமுக்கினாலும் விட்டுக்கொடுக்க மாட்டார். உடம்பு மாட்டிக்கொண்டாலும் ஒரு கை மட்டும் மண்ணில் ஊர்ந்து கோட்டைத் தேடும். மூச்சு இருக்கும்போதே கோட்டில் விரல் பட்டுவிட்டால், பிடித்தவர்கள் அத்தனை பேரும் வெளியே. அந்தக் கைக்காகத்தான் முதலாளி சம்பளம் கொடுத்தார்.

எழுபத்து நாலில் போடியில் நடந்த ஒரு போட்டியில், அப்படி அமுக்கியபோது அப்பாவின் தலை நெஞ்சுப் பக்கமாக மடங்கியது. அன்றைக்கும் கோட்டைத் தொட்டார். எழுந்து நடந்து வந்து கன்னையன் மாமாவிடம் சொன்னார்:

“கையில எறும்பு ஊர்ற மாதிரி இருக்குடா மாப்ளே.”

“பரிசுக் கோப்பையைத் தூக்கு. எறும்பு எறங்கிப் போயிரும்.”

எறும்பு இறங்கவில்லை. மதுரைக்குப் போனார்கள். டாக்டர் எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு, அம்மா வேலுத்தாயிடம்தான் பேசினாராம்.

“கழுத்தெலும்பு ஒண்ணு, கீழ இருக்கிற எலும்பு மேல சரியா உக்காரலைம்மா. இப்போதைக்கு நரம்பைத் தொடலை. இன்னொரு தடவை தலை மடங்கி அடி பட்டா, கழுத்துக்குக் கீழ எதுவும் வேலை செய்யாது.”

“நடக்க முடியாதுங்களா?”

“மூச்சு விடறதே கஷ்டம்.”

எனக்கு அப்போது எட்டு வயது. அம்மா வீட்டுக்கு வந்து முதலில் செய்த காரியம் அப்பாவின் தலையணையை எடுத்துப் பரண்மேல் போட்டது. அன்று முதல் அவர் தூங்கும்போது அம்மா எழுந்து அவர் கால் கட்டைவிரலைக் கிள்ளிப் பார்ப்பாள். விரல் சுருங்கினால் திரும்பிப் படுப்பாள். அப்பா ஒருநாள் தூக்கக் கலக்கத்தில், “எம்மா, விரலு இருக்கு, அங்கேயேதான் இருக்கு, நீ படு” என்றார்.

ஆட்டத்தை விட்டார். ஆட்டத்தை விட்டவருக்குத் தோட்டத்தில் காவல் வேலை எதற்கு? அதையும் விட வேண்டி வந்தது. அம்மா போடியில் ஓர் ஏலக்காய்க் கமிஷன் கடையில் காய் பொறுக்கப் போனாள். நாங்களும் போடிக்கே குடிவந்தோம்.

இரண்டு வருடம் கழித்து மெட்டில் சினிமாக்காரர்கள் வந்து இறங்கினார்கள். ஏலச்செடிகளுக்கு நடுவே சண்டைக் காட்சி. சரிவில் ஓடிப் பழகிய உள்ளூர் ஆட்கள் வேண்டும் என்றார்கள். கன்னையன் மாமா ஜீப்பில் ஆட்களை ஏற்றிப் போனார். அப்பாவையும் ஏற்றிக்கொண்டார். சண்டை மாஸ்டர் அப்பாவின் உயரத்தையும் மூக்கையும் பார்த்துவிட்டு முன்வரிசையில் நிறுத்தினார். கதாநாயகன் உதைப்பார், இவர் விழ வேண்டும். அவ்வளவுதான்.

உதைத்த காலை அப்பா பிடித்துக்கொண்டார். கதாநாயகன் செடிக்குள் விழுந்தார்.

“யோவ், நீ தோக்கணும்யா! காலை விடுய்யா!”

“விடத்தாண்ணே பாக்குறேன். கையி கேக்க மாட்டேங்குது.”

மொத்தப் படப்பிடிப்பும் சிரித்ததாக மாமா சொல்வார். மாஸ்டர் சிரிக்கவில்லை. அப்பாவைத் தனியே கூப்பிட்டு விழக் கற்றுக்கொடுத்தார். அப்பா அரைமணியில் கற்றுக்கொண்டார். தாடையை நெஞ்சோடு ஒட்டாமல், கழுத்தை விறைப்பாக வைத்து, தோளில் இறங்கி, இடுப்பில் உருண்டு. அவருக்கு எந்த எலும்பைக் காப்பாற்ற வேண்டும் என்பது நன்றாகத் தெரிந்திருந்தது. மாஸ்டருக்குத் தெரியாது. அப்பா சொல்லவில்லை. சொன்னால் யார் கூப்பிடுவார்கள்?

மெட்ராசுக்குப் போய்விட்டார். வருடத்துக்கு நாலைந்து முறை வருவார்.

அவர் முதன்முதலாக முகம் தெரிகிற மாதிரி செத்த படம் போடிக்கு வந்தபோது அம்மாவும் நானும் போனோம். கன்னையன் மாமா தன் வீட்டாரோடு வந்திருந்தார். அப்பா பாறையிலிருந்து விழுந்தார். பிறகு கீழே, கண் திறந்தபடி கிடந்தார். அருகிலிருந்து காட்டினார்கள். கொட்டகையில் விசில் பறந்தது. “நம்ம பெரியகருப்பன்டா!” என்று கத்தினார்கள். அம்மா என் தோளைப் பிடித்த பிடியில் நகம் பதிந்துவிட்டது. அவள் பார்த்தது கழுத்தை. கழுத்து ஒருக்களித்துக் கிடந்தது.

அடுத்த முறை அப்பா ஊருக்கு வந்தபோது அம்மா அழுது தீர்த்தாள். அப்போதுதான் அவர் அந்த வழக்கத்தைச் சொன்னார். பிணமாக நடித்தவரை அப்படியே எழுந்து போக விடமாட்டார்கள். காமிரா ஓடிக்கொண்டிருக்க, கண்ணைத் திறந்து காமிராவைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். அதையும் படம் பிடித்துவிட்டுத்தான் சூடம் காட்டி, பூசணிக்காய் உடைத்து, அடுத்த காட்சிக்குப் போவார்கள். கடைசிப் படம் பிணமாக இருக்கக் கூடாது என்பது அவர்கள் கணக்கு.

“நெசமாவே சிரிச்சீங்களா?” என்றாள் அம்மா.

“பல்லெல்லாம் தெரியச் சிரிச்சேன்.”

“அப்ப அதைப் படத்துல காட்டினா என்ன கொறஞ்சு போகும்? டிக்கெட் எடுத்தவன் நிம்மதியா வீட்டுக்குப் போவான்ல?”

அன்றிலிருந்து அதுவே எங்கள் வீட்டுக்கும் வழக்கமாயிற்று. விழுகிற காட்சி எப்போது என்று அப்பா முன்கூட்டியே சொல்லிவிடுவார். அது முடிந்ததும் அம்மா வேலை பார்க்கும் கமிஷன் கடைக்கு மெட்ராசிலிருந்து டிரங்கால் போன் வரும். எடுப்பவர் கணக்கப்பிள்ளை பால்பாண்டி. அந்தப்பக்கம் என்ன சொன்னாலும் அவருக்குப் பாதிதான் கேட்கும். ஆனால் அந்த ஒரு வார்த்தை கேட்டுவிடும். ரிசீவரைக் கையால் மூடிக்கொண்டு, காய் பொறுக்குகிற பெண்கள் பக்கம் திரும்பிக் கத்துவார்:

“வேலுத்தாயக்கா! ஒங்க வீட்டுக்காரரு சிரிச்சிட்டாராம்!”

பெண்கள் சிரிப்பார்கள். மூக்கம்மாள் என்று அம்மாவின் பக்கத்தில் உட்காருகிறவள், “எங்க வீட்டுக்காரரு சிரிச்சே வருசமாச்சு. அதுக்கு ஒரு போனு வராதா பால்பாண்டி?” என்பாள். அம்மா அதற்குப் பிறகுதான் சாப்பாட்டுத் தூக்கைத் திறப்பாள். காலையிலிருந்து அது திறக்கப்படாமலே அவள் பக்கத்தில் இருந்திருக்கும்.

பள்ளிக்கூடம் விட்டு நான் நேரே கடைக்குத்தான் போவேன். தூக்கு திறந்திருக்கிறதா என்று வாசலிலிருந்தே பார்ப்பேன்.

ஒரு ஐப்பசியில் போன் வரவில்லை. மழை. மலையில் மண் சரிந்து, கம்பங்கள் சாய்ந்து, மெட்டுக்குப் பஸ்சு இல்லை. மெட்ராஸ் லைனும் அறுந்துவிட்டதா என்று யாருக்கும் தெரியவில்லை. அந்த முறை ஓடுகிற லாரியிலிருந்து விழ வேண்டும் என்று அப்பா சொல்லியிருந்தார். முதல் நாள் போயிற்று. அடுத்த நாளும் போயிற்று. அம்மாவின் விரல்கள் தட்டில் காயைத் தள்ளிக்கொண்டேயிருந்தன. வெடித்த காயும் நல்ல காயும் ஒரே குவியலில் சேர்ந்தன. கடை முதலாளி பார்த்துவிட்டுத் திட்டாமல் போனார். மூக்கம்மாள் கூடக் கேலி பேசவில்லை.

மூன்றாம் நாள் மதியம் பால்பாண்டி அண்ணன் கல்லாவிலிருந்து எழுந்து சொன்னார்:

“அக்கா, சிரிச்சிட்டாராம்.”

அம்மா நிமிர்ந்து பார்த்தாள். “மணியே அடிக்கலையே பால்பாண்டி.”

“அது... நீங்க வர்றதுக்கு முந்தி, காலையில...”

“காலையில நான்தான கடையைக் கூட்டினேன்.”

அவர் உட்கார்ந்துவிட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அம்மா எழுந்து போய் அவருக்கு டீ வாங்கி வந்து வைத்தாள். பிறகு வந்து உட்கார்ந்து, கலந்த குவியலை முதலிலிருந்து பிரித்தாள். மறுநாள்தான் மணி அடித்தது. லாரியிலிருந்து விழுந்ததில் அப்பாவுக்கு முழங்கை மட்டும் தேய்ந்திருந்தது. அதற்கு மறுநாள் சனிக்கிழமை. அம்மா என்னை உட்கார வைத்துச் சொன்னாள்:

“நீ அந்த எலும்பைப் பாக்கிற படிப்புப் படி. எனக்கு யாரு சொன்னாலும் நம்பிக்கை இல்லை. நீ பாத்துச் சொல்லு.”

மதுரையில் எக்ஸ்ரே டெக்னீஷியன் படிப்பு முடித்தேன். தேனியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலை. எண்பத்தேழில் அப்பாவை அழைத்துப் போய், நானே படம் எடுத்தேன். பக்கவாட்டில் ஒன்று, நேராக ஒன்று. நாலாவது எலும்பு ஐந்தாவதன் மேல் சற்று முன்னுக்கு நழுவி நின்றது. பழைய படத்தில் இருந்த அதே இடம். பத்து வருடத்துக்கு மேலாக அத்தனை விழுந்தும் அது நகரவில்லை. படத்தை ஈரத்தோடு பிடித்துக்கொண்டு இருட்டறையில் கொஞ்ச நேரம் நின்றேன். எவ்வளவு மெல்லிய இடைவெளியில் எங்கள் வீடு ஓடிக்கொண்டிருந்தது என்று அப்போதுதான் கண்ணால் பார்த்தேன்.

“எப்படி ஆத்தா இருக்கு?” என்றார் அப்பா.

“அப்படியேதாம்ப்பா இருக்கு. இனிமே விழாதீங்க.”

“இனிமே யாரு என்னைய விழ வைக்கப் போறா? நரைச்சிருச்சு. மெட்ராஸ் டிவியில ஒரு நாடகம். கடைக்காரன் வேசம். நாள்பூரா ஒக்காந்தே இருக்கணுமாம்.”

அது உண்மைதான். தெருமுனை மளிகைக் கடைக்காரர். எல்லோருடைய குடும்பக் கதையும் அவர் கடைக்கு வந்து போகும். அவர் சர்க்கரை மடித்துக்கொண்டே ஒரு வார்த்தை சொல்வார். நிறுத்தி, மூச்சு எடுத்து, மெதுவாக. கொடைக்கானலிலிருந்து டிவி எடுக்கத் தொடங்கி, போடியில் ஆண்டெனாக் கம்பிகள் முளைத்த காலம். கமிஷன் கடை முதலாளி வீட்டில் வாரா வாரம் கூட்டம் கூடியது. அம்மா முன்னால் உட்கார்ந்து பார்த்தாள். நாற்காலியில் உட்கார்ந்த மனிதருக்கு எந்தப் பக்கமிருந்தும் ஆபத்து வரவில்லை. கடைக்காரருக்குச் சாவு உண்டா என்று அம்மா கேட்டுக்கொண்டாள். இல்லை என்றார் அப்பா. பால்பாண்டி அண்ணனுக்குச் ‘சிரிச்சிட்டாராம்’ என்று கத்துகிற வேலை போயிற்று. பரண்மேலிருந்த தலையணையை அம்மா இறக்கி உறை தைத்துப் போட்டாள்.

அந்த ஒன்றரை வருடம்தான் நாங்கள் பயமில்லாமல் இருந்தது.

எண்பத்தொன்பது பொங்கலுக்குச் சிலமலையில் கபடிப் போட்டி. கன்னையன் மாமா முன்னின்று நடத்தினார். சிறப்பு விருந்தினர் அப்பா. மாமா வீட்டுக்கு வந்து அழைத்தபோது அம்மா வாசலிலேயே கேட்டுவிட்டாள்:

“மாலை போட்டு ஒக்கார வைப்பீங்களா, எறக்கி விடுவீங்களா?”

“தங்கச்சி, முதல் பாட்டு விருந்தாளிக்கு. அது எல்லா ஊர்லயும் உள்ள மரியாதை. யாரும் பிடிக்க மாட்டானுங்க. ஒருத்தன் தோளைத் தொட்டுட்டுத் திரும்பி வந்துற வேண்டியதுதான். எம்.எல்.ஏ.வே வேட்டியோட பாடியிருக்காரு.”

“எம்.எல்.ஏ.வுக்குக் கழுத்து நல்லாருக்கு.”

நானும் வேண்டாம் என்றேன். அப்பா என் கன்னத்தைத் தட்டினார். “மரியாதைக்கு ஒரு பாட்டு ஆத்தா. ஊரு கேக்குது. நாலெட்டு நடந்து வர்றேன்.”

மாலை வெயில். அறுத்த வயலைச் சமன்செய்து, சுண்ணாம்பில் கோடு போட்டிருந்தார்கள். அம்மாவுக்கும் எனக்கும் கோட்டுக்கு நேர் எதிரே பெஞ்சு போட்டார்கள். அப்பா சட்டையைக் கழற்றிக் கன்னையன் மாமாவிடம் கொடுத்தார். வேட்டியை இறுக்கிக் கட்டினார். எதிரே ஏழு இளைஞர்கள் கைகோத்து நின்றார்கள். எல்லோரும் அவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

அவர் குனிந்து கோட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பாடத் தொடங்கினார்.

அந்தச் சத்தத்தை நான் அதற்கு முன் சரியாகக் கேட்டதில்லை. சின்ன வயதில் கூட்டத்தோடு கேட்டதுதான். ஒரே சீராக, அறுபடாமல், இயந்திரம் ஓடுவது போல. கூட்டம் அடங்கியது. அப்பா ஒருவரின் தோளைத் தொட்டார். திரும்ப வேண்டும். திரும்பினார். அப்போது பின்னாலிருந்து யாரோ கத்தினார்கள்:

“என்ன அண்ணாச்சி, கடையை அதுக்குள்ள சாத்திட்டீங்க!”

வயல் முழுக்கச் சிரிப்பு. அப்பாவும் சிரித்தார். பாட்டு நிற்கவில்லை. கோட்டுக்கு வந்தவர் கோட்டைத் தாண்டவில்லை. சுழன்று மறுபடி உள்ளே போனார். இந்த முறை நடக்கவில்லை. பாய்ந்தார். இடது மூலையைத் தொட்டார், அதே வேகத்தில் வலதுபக்கம் காலை நீட்டினார். அது மரியாதைப் பாட்டு இல்லை. ஆட்டம். எதிரே நின்றவர்களும் ஆட்டக்காரர்கள்தான். வருடக்கணக்கில் பழகின உடம்புகள். காலைக் கண்டதும் ஒருவன் கணுக்காலைப் பிடித்தான். பிடித்த பிறகுதான் அவன் முகம் மாறியதைப் பார்த்தேன். அதற்குள் மற்றவர்கள் மேலே விழுந்துவிட்டார்கள்.

அம்மா எழுந்து நின்றாள். “விடுங்கடா! பாடாதீங்க! நிறுத்துங்க!” என்று கத்தினாள்.

பாட்டை நிறுத்தியிருந்தால் விட்டிருப்பார்கள். நிறுத்தவில்லை. பாடிப் போனவர் வேறு வார்த்தை பேசினால் தோற்றார் என்று அர்த்தம். அந்தக் குவியலுக்கு அடியிலிருந்து கபடி கபடி என்று சத்தம் வந்துகொண்டேயிருந்தது. பிறகு ஒரு கை வெளியே வந்தது. மண்ணில் ஊர்ந்தது. விரல்கள் சுண்ணாம்பைத் தொட்டன.

விசில் அடித்தது. ஊரே எழுந்து ஆடியது. பாட்டு நின்றது விசிலுக்கு முன்னாலா பின்னாலா என்று எனக்குத் தெரியவில்லை.

மேலே கிடந்தவர்கள் எழுந்தார்கள். ஒருவன் அப்பாவைத் தோளைப் பிடித்து மல்லாக்கத் திருப்பினான். அப்பா வானத்தைப் பார்த்தார். பிறகு கண்ணை மட்டும் திருப்பி அம்மாவைத் தேடினார். கண்டுபிடித்தார். பல்லெல்லாம் தெரியச் சிரித்தார்.

அம்மா பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். “சிரிச்சிட்டாரு” என்றாள் என்னிடம். “சிரிச்சிட்டாரு சந்திரா.”

நான் கையைப் பார்த்தேன். கோட்டைத் தொட்ட கை கோட்டிலேயே இருந்தது. அவர் மல்லாந்த பிறகும், மணிக்கட்டு முறுகியபடி, அங்கேயே. அதை அவர் எடுத்துக்கொள்ளவில்லை.

ஓடினேன். “தூக்காதீங்க! யாரும் தொடாதீங்க!” என்று கத்திக்கொண்டே ஓடினேன். மேளம் அடித்துக்கொண்டிருந்தது. ஜெயித்தவரைத் தோளில் தூக்குவது வழக்கம். கன்னையன் மாமாதான் முதலில் கையை அக்குளில் கொடுத்தார். நாலு பேர் சேர்ந்து தூக்கினார்கள். அப்பாவின் தலை பின்னால் தொங்கியது. அப்படியே கொஞ்ச தூரம் ஆடிக்கொண்டு போனார்கள். யாரோ, “சாகிற மாதிரி எப்படி நடிக்கிறாரு பாரு!” என்று சொல்லிக் கைதட்டினார்கள். நடிப்பதாகத்தான் எல்லோரும் நினைத்தார்கள். அத்தனை வருடம் அவர்களுக்குக் காட்டியது அதைத்தானே.

மாமா தன் தோளில் கிடந்த கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு நின்றார். அந்தக் கை எதையும் பிடிக்கவில்லை.

விழாப் பந்தல் பலகையைப் பிடுங்கி, அதில் கிடத்தி, ஜீப்பின் பின்பக்கம் வைத்தோம். மதுரைவரைக்கும் நான் அவர் தலைமாட்டில் முட்டிபோட்டு, இரண்டு கையாலும் தலையை ஆடாமல் பிடித்துக்கொண்டு வந்தேன். மாமா ஓட்டினார். ஒவ்வொரு பள்ளத்துக்கும் அவர் முன்கூட்டியே, “பள்ளம்! பள்ளம் வருது ஆத்தா!” என்று கத்தினார். என் கைக்குள் அப்பாவின் தாடை அசைந்தது. பேசினார். ஒவ்வொரு வார்த்தைக்கும் மூச்சு எடுத்தார்.

“கோட்டை... தொட்டேனா?”

“தொட்டே மாப்ளே,” என்றார் மாமா. அழுதுகொண்டே கியர் மாற்றினார். “மூணு பேரு அவுட்டு.”

“நாலு.”

அம்மா பலகையின் மறுமுனையில் உட்கார்ந்து, அவர் கால் கட்டைவிரலைக் கிள்ளிக்கொண்டேயிருந்தாள். உசிலம்பட்டி வந்தபோது நிறுத்திவிட்டாள்.

ஆஸ்பத்திரியில் எடுத்த படத்தை வெளிச்சப்பெட்டியில் போட்டார்கள். நானும் பார்த்தேன். நாலாவது எலும்பு அதன் இடத்தில் இல்லை. அமுக்கியபோது நகர்ந்ததா, தூக்கியபோதா என்று படம் சொல்லாது. எந்தப் படமும் சொல்லாது. மாமா பிறகு பலமுறை என்னிடம் கேட்டிருக்கிறார். தெரியாது என்று சொன்னேன். உண்மையும் அதுதான்.

அந்த வார்டில் காலை தோறும் ஒரு சோதனை. மூச்சுத் தசைக்கு எவ்வளவு பலம் இருக்கிறது என்று பார்க்கச் சுலபமான வழி. இளவயது டாக்டர் ஒருவர் வந்து குனிந்து சொன்னார்:

“ஐயா, மூச்சை நல்லா இழுத்துக்கிட்டு, ஒண்ணு ரெண்டு மூணுன்னு எண்ணுங்க. நடுவுல மூச்சு எடுக்காம எவ்வளவு முடியுதோ அவ்வளவு.”

“எண்ண வராது டாக்டர்,” என்றார் அப்பா. “பாடுறேன்.”

பாடினார். மெல்லிய குரல், காற்றுதான் அதிகம். ஆனால் அதே சீர். டாக்டர் சிரித்துவிட்டார். பக்கத்துக் கட்டில்காரர்கள் கைதட்டினார்கள். அம்மா என்னைப் பார்த்து, “மூச்சு நல்லாத்தான இருக்கு?” என்றாள். தலையை ஆட்டினேன். டாக்டர் சீட்டில் எழுதியதை நான் பார்த்திருந்தேன்.

மறுநாள் அதைவிடக் குறைவு. அதற்கு மறுநாள் இன்னும் குறைவு. ராத்திரி முழுக்க அம்மாவுக்கு ஒரே ஓர் எதிர்பார்ப்புதான். விடியட்டும், டாக்டர் வரட்டும், பாடட்டும். எனக்கும் அதுதான். ஆனால் நான் விடியக் கூடாது என்று நினைத்தேன்.

நாடகம் வருகிற நாள் வந்தது. அப்பா முன்பே நடித்து முடித்திருந்த பகுதிகள் இன்னும் பாக்கி இருந்தன. வார்டுக் கூடத்தில் டிவி இருந்தது. கட்டிலை வாசல்வரை உருட்டி, அவர் பார்க்கிற மாதிரி வைத்தோம். கடைக்காரர் வந்தார். காகிதத்தைக் கூம்பாகச் சுருட்டினார், பருப்பைக் கொட்டினார், விளிம்பை மடக்கினார், சணலைச் சுற்றி ஒரே இழுப்பில் அறுத்தார். அப்பா வசனத்தைக் கவனிக்கவில்லை. அந்தக் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நல்லா... மடிக்கிறான்,” என்றார்.

கூடத்தில் இருந்தவர்கள் திரையையும் கட்டிலையும் மாறி மாறிப் பார்த்தார்கள். கிராமத்துக் கிழவர் ஒருவர் என்னிடம் ரகசியமாக, “இதும் நடிப்பு இல்லையே தாயி?” என்று கேட்டார்.

கடைசிக் காலை டாக்டர் வந்து குனிந்தார். அவர் எதுவும் கேட்பதற்கு முன்னால் அப்பா மூச்சை இழுத்தார். இழுத்தது எவ்வளவு சிறிது என்று எனக்குத் தெரிந்தது. “கபடி” என்றார். இரண்டாவது கபடிக்கு உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. டாக்டர் நிமிர்ந்து, ஸ்டெதாஸ்கோப்பைக் கையில் சுருட்டி வைத்துக்கொண்டார். அப்பா கண்ணைத் திருப்பி அம்மாவைத் தேடினார்.

“சிரிக்காதீங்க,” என்றாள் அம்மா. அவர் நெற்றியில் கையை வைத்தாள். “வேணாம். இப்படியே இருங்க.”

அன்று மத்தியானம் முடிந்தது.

கன்னையன் மாமா அதற்குப் பிறகு கபடி பார்க்கப் போவதில்லை. ஜீப்பு ஓட்டுகிறார். பள்ளம் வந்தால் வண்டியில் யார் இருந்தாலும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறார்.

அம்மா காரியம் முடிந்ததும் கடைக்கே திரும்பிப் போனாள். வீட்டில் இரு என்றேன். கேட்கவில்லை. போன வாரம் என் சம்பளத்தை அவளிடம் கொடுக்க ஊருக்கு வந்தவள், நேரே கடைக்குப் போனேன். வாசலில் நின்றேன். பழக்கத்தில் முதலில் தூக்கைத்தான் பார்த்தேன். மூடியிருந்தது. அப்போது போன் அடித்தது.

பெண்களின் கைகள் எல்லாம் தட்டில் நின்றன. யாரும் யாரையும் பார்க்கவில்லை. அம்மா மட்டும் நிமிரவில்லை. ஆனால் அவள் விரல்களும் நின்றிருந்தன. பால்பாண்டி அண்ணன் கல்லாவிலிருந்து விழுந்தடித்து எழுந்து, இரண்டாவது மணிக்கு முன் ரிசீவரை எடுத்தார். அந்தப்பக்கம் பேசுவதற்குள், கடை முழுக்கக் கேட்கும்படி கத்தினார்:

“விலை கேக்குறாங்க! காய் விலைதான் கேக்குறாங்க!”

விரல்கள் மறுபடி நகரத் தொடங்கின.